எல்லா மொழியும் தெரியும், வாயில் எது வரும் என்பது தெரியாது: ஒரு நிகழ்வு ஆய்வு

உலகத்து மொழிகள் அத்தனையும் தெரிந்த ஒருவர். ஆனால் வாயைத் திறந்தால் எந்த மொழி வரும் என்பது அவர் கையில் இல்லை. அரட்டையில் கிளம்பும் கற்பனைதான் இது. ஆனால் நரம்பியல் வார்டுகளில் இதற்கு அசல் நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அதற்கு ஏழாயிரம் மொழிகள் தேவையில்லை, இரண்டு போதும். இரண்டும் நன்றாகத் தெரியும், கேட்டால் இரண்டும் புரியும். பேச வரும்போது மட்டும், எது என்று முடிவெடுக்கும் அதிகாரம் நோயாளியிடம் இருக்காது.

இவற்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது 1982இல் வெளியான ஒரு நிகழ்வு. எழுதியவர்கள் மிஷெல் பாராடி, மரி-க்ளேர் கோல்ட்ப்ளூம், அபிதி. 'ப்ரெயின் அண்ட் லாங்வேஜ்' இதழில் வந்தது. அந்த நிகழ்வையும், அதோடு ஒப்பிட வேண்டிய வேறு சிலவற்றையும் வைத்து, இப்படி ஒரு நோயாளி வந்தால் என்ன செய்வது, எங்கே தவறு நேரும் என்று பார்ப்போம்.

நோயாளியும் விபத்தும்

ஆய்வேட்டில் 'ஏ.டி.' என்று குறிக்கப்பட்டவர் 48 வயதுப் பெண், கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. தாய்மொழி பிரெஞ்சு. 24 ஆண்டுகள் மொராக்கோவில் வாழ்ந்தவர், ரபாத் நகரில் குழந்தைகளுக்கான செவிலியர் பணி. சபைக்குள் பிரெஞ்சு, வேலையில் அரபி. ஒன்று வீட்டு மொழி, மற்றது பள்ளியில் படித்துவிட்டு மறந்த மொழி என்று இவர் விஷயத்தில் சொல்ல முடியாது. இரண்டுமே தினமும் புழங்கியவை.

மொபெட்டில் போகும்போது விபத்து, தலையில் அடி. முதலில் பேச்சே இல்லை. சில நாட்களில் ஒன்றிரண்டு அரபிச் சொற்கள் வந்தன. பிறகு பிரான்சுக்கு அழைத்து வரப்பட்டார். அங்கே தினமும் இரு மொழிகளிலும் சோதித்ததால்தான் விசித்திரம் வெளியே வந்தது. பிரெஞ்சில் மட்டும் சோதித்திருந்தால், 'ஒரு நாள் பரவாயில்லை, ஒரு நாள் மோசம்' என்று எழுதி கோப்பை மூடியிருப்பார்கள். ரபாத்திலேயே இருந்து அரபியில் மட்டும் பார்த்திருந்தாலும் அதே வரிதான்.

பதிவானது என்ன

ஒரு நாள் அரபி சரளமாக வந்தது. பொருள்களைக் காட்டினால் அரபியில் பெயர் சொன்னார். அதே நாளில் பிரெஞ்சில் பேசச் சொன்னால் தடுமாற்றம், சொல் கிடைக்கவில்லை. மறுநாள் தலைகீழ்: பிரெஞ்சு வந்தது, அரபி போயிற்று. இரண்டு நாளும் இரண்டு மொழியும் அவருக்குப் புரிந்தன. சொன்னதைச் செய்தார், கேட்டதை விளங்கிக்கொண்டார்.

இதுவரை உள்ளதற்கு 'மாறி மாறி வரும் எதிர்நிலை' என்று பெயர் கொடுத்தார்கள். ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும். இதைவிடப் பெரிய ஆச்சரியம் மொழிபெயர்க்கச் சொன்னபோது தெரிந்தது.

அரபி வரும் நாளில், அரபி வாக்கியத்தைக் கொடுத்து பிரெஞ்சில் சொல்லச் சொன்னார்கள். அன்றைக்குப் பிரெஞ்சில் தானாக ஒரு வாக்கியம் பேச முடியாதவர், மொழிபெயர்ப்பாகச் சரியாகச் சொன்னார். பிரெஞ்சு வாக்கியத்தைக் கொடுத்து அரபியில் கேட்டால், அன்று சரளமாகப் பேசும் அந்த அரபியில் அவரால் சொல்ல முடியவில்லை. மறுநாள் பிரெஞ்சு வந்தபோது இதுவும் திரும்பியது: அரபிக்கு மொழிபெயர்க்க முடிந்தது, பிரெஞ்சுக்கு முடியவில்லை.

நின்று படிக்க வேண்டிய இடம் இது. பேச முடிந்த மொழிக்குள் மொழிபெயர்க்க முடியவில்லை, பேச முடியாத மொழிக்குள் முடிகிறது. ஒரு மொழியின் சொற்களே அழிந்திருந்தால் மொழிபெயர்ப்பிலும் அவை வந்திருக்கக் கூடாது. வந்தன. ஆகவே சொற்கள் இருக்கின்றன, இலக்கணமும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஒரு குழாய் மட்டும் அடைத்திருக்கிறது, அதுவும் நாளுக்கொரு குழாய்.

அதே ஆய்வேட்டின் இரண்டாம் நோயாளி பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் பேசும் கனடாக்காரர். அவரிடமும் மாற்றம் இருந்தது. ஆனால் நாளுக்கு நாள் என்றில்லாமல் இன்னும் நீண்ட இடைவெளியில் நிகழ்ந்தது. 1989இல் ஈரானைச் சேர்ந்த நிலிபூர், அஷாயேரி இருவரும் மூன்று மொழிக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். தாய்மொழி பாரசீகம், கூடவே ஜெர்மனும் ஆங்கிலமும். தலைக்காயத்துக்குப் பின் முதல் சில நாள் கொஞ்சம் பாரசீகம், பிறகு சுமார் மூன்று வாரம் ஜெர்மன், அதன் பின் மீண்டும் பாரசீகம். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. மூன்று மொழி இருந்தும் மாறி மாறி ஆடியது இரண்டுதான், மூன்றாவது ஓரமாக நின்றது.

பழைய விதிகள் ஏன் பொருந்தவில்லை

பல மொழி தெரிந்தவருக்குப் பேச்சு போய்த் திரும்பினால் எது முதலில் வரும்? 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு பிரெஞ்சு விடைகள் இருந்தன. தியொட்யூல் ரிபோ 1881இல் நினைவாற்றல் நோய்களைப் பற்றி எழுதியபோது முதலில் கற்றதே கடைசிவரை நிற்கும் என்றார். அந்தக் கணக்கில் ஏ.டி.க்குப் பிரெஞ்சு வந்திருக்க வேண்டும். 1895இல் ஆல்பர் பித்ர், அடிபடும் நேரத்தில் அதிகம் புழங்கிய மொழியே முதலில் வரும் என்றார். அப்படிப் பார்த்தால் அரபி. ஏ.டி.யிடம் இரண்டு விதியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சரியாக இருந்தன! அதாவது இரண்டும் உதவவில்லை.

பித்ரின் இன்னொரு கருத்து இந்த விதியைவிட நீடித்தது. திரும்பாத மொழி அழிந்துவிடவில்லை, செயலற்று மந்தமாகக் கிடக்கிறது என்றார் அவர். கருவிகள் ஏதும் இல்லாத காலத்தில், படுக்கையருகே உட்கார்ந்து பார்த்தே சொன்னது.

1925இல் ஆஸ்திரியாவின் ஓட்டோ பட்ஸல், இடது மூளையின் பின்பக்கத்தில் மொழி மாற்றும் இடம் ஒன்று இருக்கிறது என்று வாதிட்டார். மின்விளக்குக்கு ஸ்விட்ச் இருப்பதுபோல மொழிக்கும் இருக்கும் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1959இல் மொன்ட்ரியாலின் பென்ஃபீல்ட், ராபர்ட்ஸ் எழுதியதிலும் அது தொடர்ந்தது. பாராடி இதை ஏற்கவில்லை. மேலதிகாரியிடம் ஒரு நடை, நண்பனிடம் ஒரு நடை என்று ஒரே மொழிக்குள் நாம் மாறுகிறோம். அதற்குத் தனி ஸ்விட்ச் கேட்பதில்லை, மொழிக்கு மட்டும் ஏன் என்பது அவர் வாதம். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'வந்தார்கள்' என்று எழுதிவிட்டு 'வந்தாங்க' என்று பேசுகிறவர்கள் நாம்.

பாராடியின் விளக்கத்துக்கு 'தூண்டல் வாசல்' கருதுகோள் என்று பெயர் சொல்லலாம். ஒவ்வொரு சொல்லும் எழ ஓர் அளவு தூண்டல் வேண்டும், அந்த அளவைத்தான் வாசல் என்கிறோம். புழங்கப் புழங்க அந்த அளவு குறையும், விட்டுவிட்டால் ஏறும். ஒரு மொழியைத் தேர்ந்தால் போட்டி மொழியின் வாசல் உயர்த்தப்படும். கேட்டுப் புரிந்துகொள்ளக் குறைந்த தூண்டல் போதும், ஏனெனில் வெளியிலிருந்து ஒலியே வந்து தள்ளுகிறது. பேச அதிகம் வேண்டும், உள்ளிருந்தே எழ வேண்டும். ஏ.டி.க்கு இரண்டு மொழியும் புரிந்து ஒன்று மட்டும் பேச வந்ததன் காரணம் இதில் அடங்குகிறது. அடிபட்ட மூளை வாசல்களைச் சமநிலையில் வைக்கத் தவறுகிறது. ஒன்றுக்கு வாசல் தாழ்ந்தால் மற்றதற்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பு முரண்பாட்டுக்கு இது மட்டும் போதாது. அதற்கு பாராடி இன்னொன்று சொன்னார்: அ மொழியில் பேசுவது, ஆ மொழியில் பேசுவது, அ-விலிருந்து ஆ-வுக்கு மாற்றுவது, ஆ-விலிருந்து அ-வுக்கு மாற்றுவது, இவை நான்கும் ஒன்றைச் சாராமல் தனித்தனியே கெடக்கூடிய வேலைகள். மொழிபெயர்ப்பு என்பது புரிந்துகொண்டு பின் பேசுவது மட்டுமென்றால், பேச முடியாத மொழியில் அது நடக்க வாய்ப்பில்லை. தொழில்முறை உரைபெயர்ப்பாளர்களில் பலர் ஒரு திசையில் சிறப்பாகவும் மறுதிசையில் சுமாராகவும் இருப்பதை நினைத்தால் இது அந்நியமாகத் தோன்றாது.

1986இல் இங்கிலாந்தின் டேவிட் கிரீன் இதே நோயாளியை வைத்துத் தம் மாதிரியை வளர்த்தார். அவர் கணக்கில் ஒரு மொழி மூன்று நிலைகளில் இருக்கும்: தேர்ந்தெடுக்கப்பட்டது, விழித்திருப்பது, உறங்குவது. பேசும் மொழியைத் தூக்கி நிறுத்துவதோடு மற்றதை அடக்கி வைக்கவும் சக்தி செலவாகிறது. காயத்துக்குப் பின் அந்தச் சக்தி பற்றாக்குறை. மொழி இருக்கிறது, அதை நிர்வகிக்கும் கையிருப்பு இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறு நிகழ்வுகள்

கற்பனை மனிதருக்கு ஏ.டி.யைவிட நெருக்கமானவர் ஒருவர் உண்டு. வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியுலி பகுதிக்காரர். தாய்மொழி ஃபிரியுலியன், இரண்டாவது இத்தாலியன். 2000ஆம் ஆண்டில் ஃபப்ரோ, ஸ்க்ராப், அலியோத்தி மூவரும் எழுதிய ஆய்வேட்டில் 'எஸ்.ஜே.' என்று குறிக்கப்பட்டார். மூளையின் முன்பகுதியில், இடப்பக்க முன் சிங்குலேட் பகுதியைச் சேர்த்துப் பாதிப்பு, வலப்பக்கத்திலும் ஓரமாகக் கொஞ்சம். மொழிக் குறைபாடு எதுவும் இல்லை: இலக்கணம் சரி, சொல் சரி, புரிதல் சரி. ஆனால் இத்தாலியனில் மட்டும் பேசச் சொன்னால் சுமார் 40 சதவீத வாக்கியங்கள் ஃபிரியுலியனில் வந்தன. ஃபிரியுலியனில் மட்டும் பேசச் சொன்னபோதும் கிட்டத்தட்ட அதே அளவு இத்தாலியன் வந்தது. தவறு நடப்பது அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஏ.டி.யிடம் மாற்றம் நாள் கணக்கில், இவரிடம் வாக்கியக் கணக்கில். ஏ.டி.க்கு ஒரு மொழி வரவில்லை, இவருக்கு இரண்டும் வந்தன, வேண்டாத நேரத்தில். இதை 'மொழித் தாவல்' என்று தனியே பிரிக்கிறார்கள். ஒரே வாக்கியத்துக்குள் இரு மொழியும் கட்டுப்பாடின்றிக் கலப்பது 'மொழிக் கலப்பு'. அது பெரும்பாலும் பேச்சிழப்போடு சேர்ந்து, நெற்றிப்பகுதிக்குப் பின்னால் உள்ள பக்க மடல்களில் சேதம் ஏற்பட்டவர்களிடம் காணப்படுவது. எஸ்.ஜே.யின் நிகழ்வு தாவலை மொழித் திறனிலிருந்தே கழற்றிக் காட்டியது. பழுது, கவனத்தையும் செயலையும் கண்காணிக்கும் இடத்தில்.

மூளையின் உட்புறத்தில் காடேட் என்ற பகுதியும் இதில் பங்கேற்கிறது. ஆர்மேனியன், ஆங்கிலம், இத்தாலியன் மூன்றும் தெரிந்த ஒருவருக்கு இடது காடேட் பாதிப்புக்குப் பின் கட்டுப்பாடற்ற கலப்பு வந்ததை அபுதாலெபி, மியோட்ஸோ, காப்பா 2000இல் எழுதினார்கள். 2006இல் க்ரினியனும் குழுவும் 'சயின்ஸ்' இதழில், ஆரோக்கியமான இருமொழியர்களை ஸ்கேன் செய்து, இடது காடேட் எந்த மொழி என்பதைக் கவனிக்கிறது என்று காட்டினார்கள்.

கடைசியாக ஒன்று, தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக. 2022இல் நெதர்லாந்திலிருந்து வந்த அறிக்கை: கால்பந்தாட்டக் காயத்துக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுப் பையன், மயக்கம் தெளிந்ததும் ஆங்கிலம் மட்டும் பேசினான். டச்சு புரியவில்லை, பெற்றோரை அடையாளம் தெரியவில்லை, தான் அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்னான். சுமார் ஒரு நாளில், நண்பர்கள் வந்தபோது டச்சு திரும்பியது. இது ஏ.டி.யின் ரகம் அல்ல. புரிதலும் போயிருக்கிறது, இடமும் ஆளும் குழம்பியிருக்கின்றன. மயக்க மருந்துக்குப் பிந்தைய குழப்பத்தை முதலில் நினைக்க வேண்டும். பத்திரிகைகள் இவையெல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன.

இனி அந்தக் கற்பனைக்கே கணக்குப் போட்டால்: வாயில் வரும் மொழி சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் வரும் என்று வைத்தால், எதிரில் இருப்பவருக்குப் புரியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பதிவான எந்த நிகழ்விலும் தேர்வு அப்படிக் குலுக்கலாக இல்லை. அண்மையில் புழங்கியது, அதிகம் புழங்கியது, அந்த அறையில் ஒலிப்பது, இவை இழுக்கின்றன. ஆகவே அப்படியொருவர் இருந்தால், அவருக்கு ஏழாயிரத்தில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருக்கும், நாலைந்துதான் மல்லுக்கட்டும். எண்ணிக்கை அதிகமானால் கட்டுப்பாடு குலையும் என்பதும் இல்லை. பீஜிங் ஜெர்மன் தூதரகத்தில் பணியாற்றிய எமில் கிரெப்ஸ் (1867–1930) 68 மொழிகளில் தேர்ந்தவர் என்று அறியப்பட்டவர். அவர் மூளை இன்றும் டியூசல்டார்ஃபில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அந்தந்த இடத்தில் அந்தந்த மொழியைப் பேசித்தான் அவர் தூதரக வேலையை நடத்தினார்.

படுக்கையருகே சோதிப்பது எப்படி

பாராடி உருவாக்கி 1987இல் வெளியிட்ட இருமொழியர் பேச்சிழப்புச் சோதனை மூன்று பகுதி கொண்டது. முதல் பகுதி மொழி வரலாறு. இரண்டாவது ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே, 32 வகைப் பணிகள். மூன்றாவது மொழிச் சோடிக்கு உரியது: சொல், வாக்கியம் இரண்டையும் இரு திசையிலும் மொழிபெயர்ப்பது, மற்ற மொழியின் இலக்கணம் ஊடுருவிய வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது. நேரமில்லாத வார்டுகளில் மூன்றாவதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். ஏ.டி.யைப் போன்றவர்களுக்கு அதில்தான் விடை இருக்கிறது.

முழுச் சோதனை செய்ய முடியாதபோது குறைந்தபட்சம் இதைச் செய்யலாம். ஒரு மொழிக்குப் பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் தானாகப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு பத்துப் பொருள்களின் பெயர், ஐந்து கட்டளை, ஐந்து வாக்கியம் திருப்பிச் சொல்லுதல். கடைசியில் ஐந்து சொல்லும் மூன்று வாக்கியமும் இந்த மொழிக்குள் மொழிபெயர்க்க. மற்ற மொழிக்கு இதே பதினைந்து நிமிடம், குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து, வேறொரு ஆளால். மறுநாள் வரிசையை மாற்றுங்கள்: நேற்றுக் காலை தமிழ் என்றால் இன்று காலை ஆங்கிலம். வரிசையை மாற்றாவிட்டால், மாலையில் வரும் களைப்பை ஒரு மொழியின் தலையில் கட்டிவிடுவோம். பதினான்கு நாள் இப்படிப் பார்த்தால்தான் மாறி மாறி வருகிறதா, ஒன்று மெல்ல மெல்ல முன்னேறுகிறதா என்று தெரியும்.

சோதிப்பவருக்கு ஒரு மொழிதான் தெரியும் என்று நோயாளி நம்ப வேண்டும். இது முக்கியம். இரண்டும் தெரிந்தவரிடம் இரண்டையும் கலந்து பேசுவது நோய் இல்லை, நம் ஊரில் அதுதான் இயல்பு. தெலுங்கு வீட்டு மொழிக்காரர் தமிழும் தெலுங்கும் தெரிந்த டாக்டரிடம் கலந்து பேசுவார். தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாத நர்ஸிடமும் தெலுங்கிலேயே பேசிக்கொண்டிருந்தால், அப்போதுதான் கவனிக்க வேண்டும்.

எண்ணுவதிலும் தவறு நேரும். 'மீட்டிங்க கேன்சல் பண்ணிட்டாங்க' என்பதில் இரண்டு ஆங்கிலச் சொல் இருக்கிறது. அது தமிழ் வாக்கியம், தமிழ்க் கணக்கில் போக வேண்டும். வேற்றுமை உருபும் வினைமுடிவும் எந்த மொழியோ, வாக்கியம் அந்த மொழி. இந்த விதியை முன்கூட்டியே முடிவு செய்யாமல் எண்ணினால், சென்னையில் பாதிப் பேருக்கு மொழிக் கலப்பு நோய் என்று எழுதிவிடலாம். நூறு வாக்கியம் எண்ணி நான்கு கட்டமாகப் போடுங்கள்: கேட்ட மொழியில் வந்தவை, மற்ற மொழியில் வந்தவை, தாவிவிட்டுத் தானே திருத்தியவை, உள்ளேயே இலக்கணம் உடைந்து கலந்தவை. மூன்றாவது கட்டம் கூடிக்கொண்டே போனால் தேறுகிறார் என்று பொருள்.

தமிழில் சோதிக்கும்போது மட்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு. அச்சிட்ட தாளில் 'தங்கள் கண்களை மூடவும்' என்று இருக்கும். ஐம்பது வருடம் 'கண்ண மூடுங்க' என்று கேட்டே வாழ்ந்தவருக்கு, காயப்பட்ட மூளையோடு அது இரண்டாவது மொழிபோலவே ஒலிக்கும். எழுத்துத் தமிழில் மதிப்பெண் குறைந்தால் 'தமிழ் போய்விட்டது' என்று எழுதாதீர்கள், பேச்சுத் தமிழில் மறுபடி கேளுங்கள். அரபிக்கும் இதே சிக்கல். மொராக்கோவில் வார்டில் பேசும் அரபி ஒன்று, செய்தியில் வாசிக்கும் அரபி இன்னொன்று.

ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி தமிழாக்குவதும் கூடாது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வாக்கியம் சாதாரணம். தமிழில் 'நாயால் பையன் கடிக்கப்பட்டான்' என்று எவரும் பேசுவதில்லை, அடிபடாதவர்களே ஒரு நொடி யோசிப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. கண்ணாடி போட்டிருக்கிறாரா, பல்செட்டு வாயில் இருக்கிறதா, காதுக் கருவிக்கு பேட்டரி இருக்கிறதா, வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், தூங்கினாரா. மாத்திரை கொடுத்த ஒரு மணி நேரத்தில் எடுத்த சோதனையையும், அடுத்த வேளைக்கு முன் எடுத்ததையும் ஒப்பிடக் கூடாது. மொழி திடீரென்று மாறி, சில நிமிடத்தில் திரும்பி, நடுவில் வெறித்த பார்வையும் இருந்தால், வலிப்பு இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும், இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்க வேண்டும்.

எங்கே தவறு நடக்கிறது

பெரிய தவறு, மொழியை அடையாளம் காணாததுதான். மதுரையில் சௌராஷ்டிர மொழி பேசும் முதியவருக்கு பக்கவாதம் வந்து, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வார்டில் சேர்த்தால், அவர் பேசுவது 'அர்த்தமில்லாத உளறல்' என்று குறிப்பில் ஏறிவிடலாம். உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட வாணியம்பாடிக்காரருக்கும் இதே கதி நேரலாம். நோயாளி பேசுவதை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து, வீட்டாரில் மூத்தவர் ஒருவருக்குக் கேட்கக் கொடுத்தால் போதும். அது மொழியா, உளறலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது வீட்டாரின் அன்பு. நோயாளி மற்ற மொழியில் பதில் சொன்னால் உடனே அந்த மொழிக்கே தாவிப் பேசுகிறார்கள். அவரோடு பேச்சு தொடர்கிறதே என்ற நிம்மதி. ஆனால் வாசல் கணக்குப்படி இது ஏற்கெனவே தாழ்ந்திருப்பதை இன்னும் தாழ்த்தும். சொன்னது புரிந்தது என்று தலையசையுங்கள், பதிலை மட்டும் வேண்டிய மொழியில் கொடுங்கள். 'தமிழ்ல சொல்லுப்பா' என்று அதட்டுவது பலன் தராது. எஸ்.ஜே.க்குத் தாம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பது நன்றாகவே தெரியும்.

புரிதல் சேதமில்லாமல் இருப்பதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஏ.டி. போன்றவரிடம் டாக்டர் தம் மொழியிலேயே கேட்கலாம், அது புரியும். வரும் பதிலைப் புரிந்துகொள்ள ஒருவர் இருந்தால் போதும், அல்லது ஆம் இல்லை என்று கையசைக்கச் சொல்லலாம். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது, பணம் காசு பற்றிய முடிவு போன்றவற்றை, 'பேச முடியவில்லை' என்று சொல்லி நோயாளியை ஒதுக்கிவிட்டு வீட்டாரிடம் கேட்பது தவறு. அன்று எந்த மொழி வருகிறதோ, அதில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியில் எந்த மொழியைத் தொடுவது என்பதற்கு உறுதியான விதி கிடையாது. ஒரு மொழியில் பயிற்சி கொடுத்தால் மற்றதும் சேர்ந்து தேறியவர்கள் உண்டு, தேறாதவர்களும் உண்டு. மாறி மாறி வரும் கட்டம் பெரும்பாலும் நிலையற்றது, அந்த நாட்களில் கடும் பயிற்சி கொடுத்து எந்த மொழியையும் 'காப்பாற்ற' வேண்டியதில்லை. கைவசம் உள்ள வழி, திறந்திருக்கும் திசையில் மொழிபெயர்க்க வைப்பது: அரபி நாளில் பிரெஞ்சு வேண்டுமென்றால், பொருளைக் காட்டிப் பெயர் கேட்பதைவிட, அரபிச் சொல்லைக் கொடுத்துப் பிரெஞ்சுச் சொல்லைக் கேட்கலாம். ஆனால் அன்றைக்கு எந்தத் திசை திறந்திருக்கிறது என்பதைக் காலையில் இரண்டு சொல் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி முழு அரை மணி நேரமும் தோற்றுக்கொண்டே இருப்பார்.

தாவல் உள்ளவர்களுக்கு அணுகுமுறை வேறு. சொல் பயிற்சி வீண், சொல் எல்லாம் இருக்கிறது. பேசும் முன் ஐந்து நிமிடம் வேண்டிய மொழி மட்டும் காதில் விழும்படி செய்வது, மேசையில் மொழியின் பெயர் எழுதிய அட்டை வைப்பது, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி 'இது எந்த மொழி' என்று அவரையே சரிபார்க்க வைப்பது. நோக்கம் கண்காணிப்பை வெளியிலிருந்து கொடுப்பது. மெல்லத்தான் நகரும், களைத்தால் முதலில் கெடுவதும் அதுதான். பத்து நிமிடத்துக்கு மேல் ஓர் அமர்வு வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'பேச்சிழப்பு, தேறி வருகிறார்' என்ற ஒற்றை வரியோடு அனுப்பாமல், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகப் புரிதல், பேச்சு, பெயர் சொல்லல், இரு திசை மொழிபெயர்ப்பு, சோதித்த தேதி, நேரம், சோதித்தவருக்குத் தெரிந்த மொழி என்று எழுத வேண்டும். ஆறு வாரம் கழித்து வேறு ஊரில், வேறு மொழிக்காரர் ஒருவர் மறுபடி சோதிக்கும்போது, அவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கப்போவது அந்தத் தாள் மட்டும்தான்.